கடைசியில் வரும் லாம்பு

என்னுடைய முதல் நாவலின் முதற்பிரதியை வாங்கியவர் அதை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். ஆறு வாரம் கழித்து அதே மனிதர் எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே நின்று, உள்ளே வராமல், என்னை ‘ரீச்சர்’ என்று கூப்பிட்டார். நான் பிறந்த நாளிலிருந்து ‘பிள்ளை’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி என்னை அழைக்காதவர். 

அவரை நான் சித்தப்பா என்பேன். இரத்த உறவு இல்லை. அப்பாவும் அவரும் ஒரே போட்டில் கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த காலத்தைக் கழித்துவிட்டாலும் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் இடையில் கடலையும் அதை ஒட்டிய உப்புநீர்க் களப்பையும் நம்பி இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. எல்லாரும் கத்தோலிக்கர்கள், எல்லாரும் ஒரே கோயில், யார் வீட்டில் என்ன கறி என்பது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாவல் எழுதப் புறப்பட்டவள் நான்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியை. படிப்பிக்கிற புத்தகத்தில் எங்கள் கரையைப் பற்றி ஒரு வரி கிடையாது என்கிற கோபத்தில்தான் எழுதத் தொடங்கினேன். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கருக்குத் தடை இருந்ததும், குருமார் வேடம் மாறிக் காட்டுக்குள்ளும் கரையோரமும் ஒளித்துத் திரிந்ததும் எல்லாருக்கும் தெரிந்தவை. எங்கள் களப்புக்கு அக்கரையில் அப்படி ஒரு குருவானவர் மீனவராக வேடம் போட்டு இருந்திருந்தால் என்ற ஒரு கேள்விதான் என் நாவல். இருந்தார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இல்லை என்பதற்கும் இல்லை. கதை எழுதுகிறவளுக்கு அது போதாதா?

ஆனால் சும்மா எழுதிவிடவில்லை. ஒல்லாந்தச் சிப்பாயின் சட்டைப் பொத்தான் பித்தளையா தகரமா என்று மூன்று வாரம் தேடினேன். அந்தக் காலத்தில் இங்கே மரவள்ளி இருந்ததா என்று சந்தேகம் வந்து ஒரு முழுச் சாப்பாட்டுக் காட்சியையே வெட்டி எறிந்தேன். வவுனியாவில் நெளுக்குளத்துப் பக்கம் பழைய கடிதங்களின் மொழிபெயர்ப்புப் பிரதிகள் வைத்திருந்த ஒருவரைத் தேடி இரண்டு பஸ் மாறிப் போய், அவர் வீட்டு விறாந்தையில் இருந்து நாள் முழுக்கப் பென்சிலால் குறிப்பு எடுத்தேன். பிழை விடக்கூடாது என்ற பயம் எனக்கு அவ்வளவு இருந்தது.

பிழை நடந்தது வேறு இடத்தில்.

எங்கள் கோயில் திருநாள் புரட்டாதியில் வரும். ஒன்பது நாள் நவநாள். பத்தாம் நாள் பின்னேரம் புனிதரின் சொரூபத்தை மரக்கூட்டில் வைத்து, ஆம்பிளைகள் தோளில் தூக்கி ஊரைச் சுற்றி வருவார்கள். கூட்டுக்குத் தோள் கொடுப்பது பெரிய விஷயம். அதற்காகச் சண்டை பிடித்த அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். ஆனால் சித்தப்பாவின் குடும்பத்தார் மட்டும் கூட்டில் கை வைக்க மாட்டார்கள். எல்லாருக்கும் கடைசியில், சனமெல்லாம் போன பிறகு, அந்தக் குடும்பத்து மூத்த ஆம்பிளை ஓர் அரிக்கன் லாம்பைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு தனியே நடந்து வருவார். ஏன் என்று கேட்டால், ‘எப்பவும் அப்பிடித்தான்’ என்பார்கள். அவமானமும் இல்லை, பெருமையும் இல்லை. வேலி இருக்கிற மாதிரி அது இருந்தது.

நான் சின்ன வயதில் அப்பாவின் விரலை விட்டுவிட்டுப் பின்னுக்கு ஓடி, அந்த லாம்பின் வெளிச்சத்தில் நடப்பேன். எனக்கு அந்த ஊர்வலத்தில் பிடித்த இடமே அதுதான்.

நாவலில் ஒரு காட்டிக்கொடுப்பு வேண்டியிருந்தது. குருவானவர் பிடிபட வேண்டும். யாரோ ஒருவன் சொல்லாமல் ஒல்லாந்தருக்குத் தெரிய வழியில்லை. அவனுக்குக் காய்ச்சலில் கிடக்கிற ஒரு குழந்தையைக் கொடுத்தேன். மருந்து சிப்பாய்களிடம் இருந்தது. அவன் களப்பு வாயில் நின்று ஒரு விளக்கை உயர்த்திக் காட்டுகிறான், அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு படகு உள்ளே வருகிறது. குருவானவர் பிடிபட்டுப் போனபின் ஊர் கூடித் தீர்ப்புச் சொல்கிறது: உன் பரம்பரையில் எவனும் இனிச் சொரூபத்தைத் தொடக்கூடாது, அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் வா. அரிக்கன் லாம்பு அந்தக் காலத்தில் இல்லையே என்று புத்திசாலித்தனமாக யோசித்து, அதைப் புன்னையெண்ணெய் விளக்காக மாற்றினேன். குடும்பப் பெயரையும் மாற்றினேன். விளக்கை மட்டும் விட்டுவிட்டேன். அது அவ்வளவு அழகாகப் பொருந்தி வந்தது. எழுதி முடித்த அன்றைக்குக் குசினிக்குள் போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அந்தப் பதினோராவது அத்தியாயத்துக்கு ‘காட்டிக்கொடுத்தவன்’ என்று தலைப்பும் போட்டேன்.

வெளியீட்டு விழா எங்கள் கோயில் மண்டபத்தில் நடந்தது. முதற்பிரதியை வழக்கமாக ஓர் அதிபரோ கடை முதலாளியோ வாங்குவார்கள். நான் அடம்பிடித்துச் சித்தப்பாவை மேடைக்கு ஏற்றினேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு வந்தார். பிரதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒலிவாங்கியில், “எங்கட பிள்ளை எழுதினது. எல்லாரும் வாசியுங்கோ” என்றார். சனம் கைதட்டியது. நானும்தான் தட்டினேன்.

எல்லாரும் வாசித்தார்கள்.

முதலில் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முகநூலில் பதிவு போட்டார். ‘எமதூரின் மறைக்கப்பட்ட வரலாறு’ என்று தலைப்பு. கீழே ஒரு பழைய திருநாள் படம், அதில் கடைசியில் வருகிற லாம்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘வரலாற்று ஆசிரியை ஒருவரின் ஆய்வில் வெளிவந்த உண்மை’ என்றும் இருந்தது. ஆய்வாம்! நான் உடனே கீழே, ‘இது நாவல், கற்பனை’ என்று எழுதினேன். அதற்கு இருபது பேர் இதயம் போட்டார்கள். ஒருவர், ‘உங்கள் தன்னடக்கம் பாராட்டுக்குரியது’ என்று எழுதினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

அடுத்த கிழமை வகுப்பில் ஒருத்தி எழும்பிக் கேட்டாள். “ரீச்சர், லாம்புக் குடும்பம்தானே ஃபாதரைக் காட்டிக்குடுத்தது? அது சோதனைக் கேள்வியில வருமோ?”

இரண்டாவது வரிசையில் சித்தப்பாவின் கடைசி மகள் இருந்தாள். தலை குனிந்திருந்தது. அவளுடைய காதுகள் சிவந்துபோனதை நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த இடத்திலேயே வகுப்பை நிறுத்தி, நான் கட்டின கதை என்று நெற்றியில் அடித்த மாதிரிச் சொல்லியிருக்க வேண்டும். நான், “அது கதை, இருங்கோ” என்று சொல்லிவிட்டுச் சோக்கட்டியை எடுத்துத் திகதி எழுதத் தொடங்கினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

அன்று பின்னேரம்தான் சித்தப்பா படலையில் வந்து நின்றார்.

“அண்ணை நிக்கிறாரோ ரீச்சர்?”

அப்பா உள்ளேயிருந்து வந்தார். “ஏன் வெளியில நிக்கிறாய்? வா.”

“இல்லையண்ணை. நாளைக்கு நான் வரேல்லை. நாளையிண்டைக்கும் வரேல்லை. வேற ஆளைப் பாருங்கோ.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “திருநாளுக்கும் இந்தமுறை லாம்பு வராது. ஃபாதரிட்டைச் சொல்லிப்போட்டன்.”

அப்பா ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். திருநாளுக்கு மூன்று கிழமை இருந்தது.

அப்பா புத்தகம் வாசிக்கிறவர் இல்லை. அன்றைக்குத்தான், “என்ன எழுதினனீ எண்டு வாசி பாப்பம்” என்றார். முற்றத்தில் வலை திருத்திக்கொண்டிருந்த அவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து பதினோராவது அத்தியாயத்தை வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மேடையில் வாசித்தபோது மண்டபம் அமைதியான அதே வரிகள். அப்பா ஒருமுறையும் நிமிரவில்லை. ஊசி மட்டும் போய் வந்தது. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

“எல்லாத்தையும் மாத்தியிருக்கிறாய்” என்றார் அப்பா. “லாம்பை மட்டும் ஏன் விட்டனீ?”

“அது வடிவா இருந்ததப்பா.”

அப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “அவன்ரை மனிசியின்ரை தம்பியை உனக்கு ஞாபகம் இருக்கே?”

ஞாபகம் என்று சொல்ல முடியாது. அது நடக்கும்போது எனக்கு ஐந்தோ ஆறோ வயது. சித்தப்பாவின் மனைவி சின்னம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தான், யுத்த காலத்தில் யாரோ ஒருவர் அவனைக் காட்டிக்கொடுக்கிறவன் என்று சொன்னார், பிறகு அவன் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பெரியவர்கள் அந்தக் கதை வந்தால் குரலைத் தாழ்த்துவார்கள், அல்லது எங்களைத் தண்ணீர் எடுத்துவர அனுப்புவார்கள். அந்த அமைதிக்குள்தான் நான் வளர்ந்தேன். எங்கள் பகுதியில் அந்தச் சொல் எத்தனை பேரை விழுத்தியது என்று தெரியாதவளா நான்? தெரிந்துதான் இருந்தது. ஆனால் எழுதும்போது ஒல்லாந்தர் காலத்தில் நின்றேன். முந்நூறு வருடத்துக்கு முந்தியது யாரைச் சுடும் என்று நினைத்துவிட்டேன்.

வேறு ஆளை அப்பா பார்க்கவில்லை. “அவன் வருவான்” என்று சொல்லிக்கொண்டு தனியே கடலுக்குப் போனார். ஒருவர் இஞ்சினைப் பார்க்க, ஒருவர் வலை இழுக்க என்று இரண்டு பேர் செய்கிற வேலை அது. முதல் இரண்டு நாள் கரைக்குக் கிட்டவே வலை விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்தே காற்று எழும்பிவிட்டது. ஏழு மணிக்கு வரவேண்டிய போட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. எட்டாயிற்று. அம்மா செபமாலையைக் கையில் வைத்திருந்தும் செபிக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. கரையில் மீன்வாடியில் நின்ற சனம் என்னைப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. அப்பாவுக்கு ஏதும் ஆனால் அந்தப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுப்பில் வைப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்றும் உடனேயே தோன்றியது.

ஒன்பதே காலுக்கு அப்பாவின் போட் வந்தது. போட்டுக்குள் பாதி வலைதான் இருந்தது.

“இழுக்க ஏலாமல் போச்சு. வெட்டிப்போட்டு வந்திட்டன்” என்றார். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. அம்மா அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. சின்னம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

“சின்னம்மா, நான் வேணுமெண்டு எழுதேல்லை.”

“ஓம். தெரியும்.” சித்தப்பா உடுத்துகிற சாரத்தைக் கல்லில் அடித்தாள். “நீ நல்ல பிள்ளை. படிச்ச பிள்ளை. உனக்கு ஒரு விளக்கு வேணும், எடுத்தாய். ஒரு சொல்லு வேணும், எடுத்தாய்.”

“நான் எல்லாருக்கும் சொல்லுறன், அது நான் கட்டினது எண்டு.”

“என்ரை தம்பியையும் ஒருத்தன் கட்டித்தான் சொன்னவன்” என்றாள் சின்னம்மா. “பேந்து அவன் வந்து, நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொன்னவன். ஆர் கேட்டது? ஆரும் கேக்கேல்லை. தம்பியும் இல்லை.” சாரத்தைப் பிழிந்து வாளிக்குள் போட்டாள். “போ பிள்ளை. வெயில் ஏறுது.”

நான் போனேன். வழி நெடுக அழுதுகொண்டு போனேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஃபாதரிடம் போய், நவநாளில் பூசை முடிந்ததும் பேச விடுங்கள் என்று கேட்டேன். அவர் நாவலை வாசித்தவர், வெளியீட்டுக்குத் தலைமை தாங்கியவர். சங்கடப்பட்டார். “முதல் பக்கத்திலயே கற்பனை எண்டு போட்டிருக்கிறீர்தானே? இன்னும் கதைச்சால் இன்னும் பெரிசாகும். விட்டால் தானாய் அடங்கும்” என்றார். அடங்காது ஃபாதர், எங்கள் அப்பா தனியே கடலுக்குப் போகிறார் என்றேன். அவர் நவநாள் அட்டவணையை எடுத்துப் பார்த்தார். பிறகு ஒன்பதாம் நாள் மூன்று நிமிடம் தந்தார்.

அதுவரைக்கும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன சொல்வது என்று பதினான்கு தரம் எழுதிக் கிழித்தேன். நாவலை எழுதும்போது ஒரு பொய்யை உண்மை மாதிரி ஆக்குவதற்கு எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. ஓர் உண்மையை உண்மை மாதிரிச் சொல்ல மூன்று நிமிடம் போதுமா என்று தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் கோயில் நிறைந்திருந்தது. சித்தப்பா கடைசி வரிசை வாங்கில், சுவரோரம். சின்னம்மா பெண்கள் பக்கத்தில். அப்பா காயம் ஆறாத கையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில். நான் போய் நின்று, எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்காமல் பேசினேன். பதினோராவது அத்தியாயம் முழுக்க நான் கட்டியது. அப்படி ஒரு மனிதன் இருக்கவில்லை. அப்படி ஒரு தீர்ப்பு நடந்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை, யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. லாம்பு பிடித்து வருகிற குடும்பத்தின் வழக்கத்தை அவர்களைக் கேளாமல் எடுத்து, அதற்கு ஒரு பொய்க் காரணத்தைச் சூட்டினேன். அந்தக் குடும்பத்திடம் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.  கடைசி வாங்கை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவு வரவில்லை.

வெளியே வந்ததும் பாடகர் குழுவில் பாடுகிற ஓர் அக்கா என் தோளைத் தொட்டா. கண் கலங்கியிருந்தா. “பயப்படாதையும். உண்மையை எழுதினதுக்கு ஏன் மன்னிப்புக் கேக்கவேணும்? அவையள் நெருக்கினவையே?”

“ஒருத்தரும் நெருக்கேல்லை அக்கா. அது நான் கட்டினது!”

“கட்டினது எண்டால்,” என்று அவா மெல்லச் சிரித்தா, “பேந்து ஏன் லாம்பு பிடிக்கினம்?”

 லாம்பைப் பார்த்துத்தான் கதையைக் கட்டினேன். இப்போது கதைக்கு லாம்பே சாட்சி. சின்னம்மா கிணற்றடியில் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. கோயில் முற்றத்தில் நின்று, “நீங்கள் எல்லாரும் விசரோ?” என்று கத்திவிட்டேன். அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் திருநாள். பின்னேரம் கூடு புறப்பட்டது. அப்பா கட்டுப்போட்ட கையோடு தோள் கொடுத்தார். அவர் இரண்டு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பின்னுக்குப் பார்த்தார். கூடு ஆடியது, மற்றவர்கள் ஏசினார்கள். நான் சனத்துக்குப் பின்னால் போய், வழக்கமாக லாம்பு வருகிற இடத்தில் நடந்தேன். ஆரும் இல்லை. மணல் ஒழுங்கையில் செருப்புத் தடங்கள் மட்டும் இருந்தன. சந்தி கடந்தது. பள்ளிக்கூட மதில் கடந்தது. இருள் விழத் தொடங்கியது. இனி வராது என்று நான் நினைத்துவிட்டேன். ஒரு காலமும் ஒருவரும் காரணம் கேட்காத ஒன்று, நான் காரணம் சொன்னதால் முடிந்துபோயிற்று.

களப்புக்குத் திரும்புகிற முடக்கில் எனக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது, நின்றேன். அதே வெள்ளைச் சேட்டு. லாம்பை முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து வந்து, என்னைத் தாண்டாமல், எனக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார்.

“நிண்டிட்டாய் என்ன பிள்ளை? நட” என்றார் சித்தப்பா.

பிள்ளை. எனக்கு மூச்சு வந்தது. கொஞ்சத் தூரம் நடந்தோம். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ சித்தப்பா” என்றேன்.

“நேற்றே கேட்டிட்டாய்தானே.” லாம்பின் திரியைக் கொஞ்சம் ஏற்றினார். “நான் சின்னனில அப்புவைக் கேட்டனான், நாங்கள் ஏன் பின்னால வாறம், ஏன் கூட்டைத் தொடேலாது எண்டு. அடிதான் விழுந்தது. அவருக்கும் தெரியாது போல. தெரியாது எண்டு சொல்ல வெக்கம். நாப்பது வருசமா இதைப் பிடிச்சுக்கொண்டு வாறன், ஏன் எண்டு தெரியாமல். உன்ரை புத்தகத்தை மூண்டு தரம் வாசிச்சனான். முதல்தரம் கோபம். ரெண்டாந்தரம் அழுதனான். அந்த மனிசன், குழந்தைக்குக் காய்ச்சல் எண்டு ஓடித் திரியிற இடம்.”

“அப்பிடி ஒரு மனிசன் இல்லை சித்தப்பா. நான் கட்டினது.”

“உனக்கு எப்பிடித் தெரியும், இல்லை எண்டு?”

இரண்டு வருடம் பொத்தானுக்கும் மரவள்ளிக்கும் ஆதாரம் தேடினவள் நான். இதற்கு எங்கே போய்த் தேடுவது? அவர் நடந்துகொண்டே இருந்தார். கோயில் வாசல் வந்ததும் லாம்பை அணைத்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்குப் போட்டை இறக்குவதாம் என்று அப்பாவிடம் கேட்டுவரச் சொன்னார். மறுநாள் விடிய இரண்டு பேரும் ஒன்றாகக் கடலுக்குப் போனார்கள். இரண்டு பேரும் பத்திரமாக வந்தார்கள். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் அம்மா சத்தமாகக் கதைத்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஊர் அந்தக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் சித்தப்பா போட்டில் இருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கார்த்திகை தொடக்கத்தில் மரித்தோருக்கான பூசை வந்தது. ஒவ்வொரு குடும்பமும் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கோயிலில் கொடுக்கும். ஃபாதர் ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் வாசிப்பார். எங்கள் ஊரில் அது சீக்கிரம் முடிகிற வேலை இல்லை. மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் தாய் தகப்பன், என்னுடைய பெரியப்பா, எங்கள் தாளில் இருந்த பெயர்கள் போயின. அடுத்தது சித்தப்பா வீட்டுத் தாள். அவருடைய அப்பு, ஆச்சி. சின்னம்மாவின் தம்பி. அந்தப் பெயர் வந்தபோது கோயிலுக்குள் வழக்கமான அந்த அமைதி வந்து போனது.

ஃபாதர் அடுத்த பெயரில் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஒருமுறை சரிசெய்தார். தாளிலிருந்து தலையைத் தூக்கி, சனத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். பிறகு குனிந்து வாசித்தார்.

போர்த்துக்கேயர் காலத்து ஞானஸ்நானப் பெயர் ஒன்றும், அதன் பின்னால் ஒரு வீட்டுப் பெயருமாக, எங்கள் குசினிப் படியில் இருந்துகொண்டு நான் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. விளக்கை உயர்த்திக் காட்டியவனுடைய பெயர். நாவலின் கடைசியில் அவனைக் களப்புக்குள் நடத்திவிட்டேன். உடலைத் தேட ஒருவரையும் அனுப்பவில்லை, அவனுக்காக அழ ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. அப்படி முடித்தால்தான் வலிக்கும் என்று நினைத்திருந்தேன்.

பெண்கள் பக்கத்தில் சின்னம்மா முழந்தாளில் இருந்தாள். தாள் அவளுடைய கையெழுத்து என்று பிறகு ஃபாதர் சொன்னார். தம்பியின் பெயருக்கு நேர் கீழே, இடம் விடாமல் எழுதியிருந்தாளாம்.

ஃபாதர் அவர்கள் எல்லாருக்குமாக மன்றாடினார். சனம் பதில் சொன்னது. நானும் சேர்ந்து சொன்னேன்.